இடது கன்னத்து வியர்வை

அத்தியாயம் 9

யேசுதாசன் மருந்துப் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அடுப்படியிலிருந்து தபீதாள் அதைக் கவனித்துவிட்டாள். மூன்று நாளாக அவர் கண்ணில் படாமல் இருந்த விஷயம் இன்றைக்குப் பட்டுவிட்டது.

“மருந்து குறையவே இல்லையே. போடலையா?”

“செவ்வாய்க்கிழமையோட நிறுத்திட்டேன்.”

“இன்னிக்கு விசாரணைன்னு தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சுதான் நிறுத்தினேன்.”

யேசுதாசன் பாட்டிலை வைத்துவிட்டு, பாதி சவரம் செய்த முகத்தோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். தபீதாள் இட்லித் தட்டைத் துணியில் கவிழ்த்துத் தண்ணீர் தெளித்தாள். வியாதியைப் பற்றிச் சொல்ல வேண்டியதை எல்லாம் போன வாரமே சொல்லியாகிவிட்டது. இனி அவளாக எதுவும் சொல்வதாக இல்லை.

அந்தப் பாட்டில் வந்த கதையும் விசாரணை வந்த கதையும் ஒன்றுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், எண்பத்தேழு ஆகஸ்டில், அவளுடைய இடது காதுக்குக் கீழே, தாடை திரும்புகிற இடத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்துவரை கிழித்து எடுத்தார்கள். சாதாரணக் கட்டி, புற்று இல்லை, காசமும் இல்லை என்று சோதனைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். தழும்பு ஆறியது, ஆபரேஷனில் வந்த வாய்க்கோணல் நேரானது, ஆறு மாதத்தில் அவள் பழையபடி ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு மையத்துக்கு அமைப்பாளர் வேலைக்குத் திரும்பினாள்.

ஒரு வருஷம் கழித்துத்தான் அது ஆரம்பித்தது. சாப்பாட்டில் கை வைத்தால் இடது கன்னம் மட்டும் சிவந்து, காதுக்கு முன்னாலிருந்து கழுத்துவரை வியர்வை வழியும். புளிப்பாக எதையாவது வாயில் வைத்தால் ரவிக்கைக் கழுத்து நனைந்துபோகும். வலது கன்னத்தில் ஒரு பொட்டு ஈரம் இருக்காது.

காசநோய் சானடோரியத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்குக் கழுத்துத் தழும்பும் வியர்வையும் சேர்ந்தால் ஒரே அர்த்தம்தான். அந்தக் கட்டியே டி.பி.தான், இப்போது திரும்பிவிட்டது என்றார்கள். தெருமுனை கிளினிக் டாக்டர், உங்களுக்கு மனசில் பயம் அதிகம் என்று தூக்க மாத்திரை எழுதினார். வீட்டில் அவளுக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் தனியாக வைக்கப்பட்டன. வைத்தவர் யேசுதாசனின் அண்ணன் வேதசிரோமணி. பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்து சாப்பாட்டுக்கு மட்டும் இங்கே வருகிறவர், சபை மூப்பர், மனைவியை இழந்தவர். போன மாதத் திருவிருந்தில், கிண்ணத்துத் திராட்சரசம் உதட்டில் பட்டதும் தபீதாளின் கன்னத்தில் வியர்வை இறங்கியது. அடுத்து நின்ற பெண் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். ஆராதனை முடிந்ததும் வேதசிரோமணி அவளைத் தனியே கூப்பிட்டு, இனிமேல் எல்லாரும் குடித்த பிறகு கடைசியில் வந்தால் போதும் என்று சொன்னார்.

கடவுளின் பந்தியிலும் கடைசி இடம் என்று ஆன பிறகுதான் அவள் யாரிடமும் கேட்காமல் மின்சார ரயில் ஏறி அதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்த டாக்டர் அவள் முகத்தின் இரண்டு பக்கமும் அயோடின் தடவிக் காயவிட்டு, மேலே மாவு தூவி, எலுமிச்சங்காய் ஊறுகாய் ஒரு துண்டை வாயில் வைக்கச் சொன்னார். இரண்டே நிமிஷத்தில் இடது காதிலிருந்து கழுத்துவரை மை கொட்டியதுபோலக் கருநீலம் பரவியது. வலது பக்கம் மாவு வெள்ளையாகவே இருந்தது.

டாக்டர் கண்ணாடியை அவள் கையில் கொடுத்து விளக்கினார். அங்கே எச்சில் சுரக்கிற சுரப்பியை எடுத்திருக்கிறார்கள். அதற்குப் போகிற நரம்பு அறுபட்டுத் திரும்ப வளரும்போது, போக வேண்டிய இடம் இல்லாமல் தோலில் இருக்கிற வியர்வைச் சுரப்பிகளோடு போய்ச் சேர்ந்துகொண்டது. எச்சில் ஊறு என்று உத்தரவு வந்தால் அந்த இடத்தில் வியர்வை ஊறுகிறது. யாருக்கும் ஒட்டாது, உயிருக்கும் ஆபத்தில்லை, ஆபரேஷன் நடந்து பல மாதம் கழித்து வருகிற பின்விளைவு.

ஆபரேஷனுக்கு முன்னால் இதை ஒருத்தரும் தன்னிடம் சொல்லவில்லையே என்று தபீதாள் கேட்டாள். சொல்லியிருக்க வேண்டும், தப்புதான் என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். இந்த ஒரு வருஷத்தில் தப்பு என்ற வார்த்தையை ஒருவர் தன் பக்கம் சேர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நிரந்தரமாகப் போக்க இப்போதைக்கு வழியில்லை, ஆனால் அடக்கி வைக்கலாம் என்று ஒரு தண்ணீர் மருந்து எழுதிக் கொடுத்தார். பஞ்சில் நனைத்துக் கன்னத்தில் ஒற்ற வேண்டும். கையை உடனே கழுவ வேண்டும், கண்ணில் பட்டால் பார்வை மங்கும். வாய் கொஞ்சம் வறளும். ஒருமுறை போட்டால் ஒன்றிரண்டு நாள் தாங்கும். காசம் இல்லை என்று ஒரு கடிதமும் கொடுத்தார்.

மருந்து வேலை செய்தது. நான்கு நாள் போட்டாள், நான்கு நாளும் ரசம் சாதம் சாப்பிட்டும் கன்னம் காய்ந்தே இருந்தது. ஐந்தாம் நாள் பஞ்சாயத்து யூனியன் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. காசநோய் உள்ள அமைப்பாளர் பிள்ளைகளின் உணவைச் சுவை பார்ப்பதாகவும், அவருடைய வியர்வை உணவில் விழுவதாகவும் பெற்றோர்கள் மனுக் கொடுத்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை விசாரணை. அன்று இரவே மருந்தை நிறுத்தினாள்.

“போட்டுக்கிட்டுப் போனா ஒண்ணுமே தெரியாது” என்றார் யேசுதாசன். “அவங்க முன்னாடி ரெண்டு வாய் சாப்பிடு. மனு பொய்யின்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. நீ ஏன் வம்பை விலைக்கு வாங்குற?”

“நாளைக்கு மருந்து தீர்ந்துபோனா? கடையில கிடைக்கலைன்னா? அன்னைக்கு வேர்த்தா, அப்போ மறைச்சிட்டான்னு சொல்வாங்க. மறைக்கிறதுக்கு நான் என்ன தப்புங்க பண்ணேன்?”

அவர் சவரக் கத்தியை எடுத்துக்கொண்டார். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் டைம்கீப்பர் வேலை. ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு கூட வரச்சொல்லி மூன்று நாளாகக் கேட்டுப் பார்த்தாள். ஆள் குறைவு, முதலாளி விடமாட்டார் என்று சொல்லிவிட்டார். மீதிச் சவரத்தை முடித்துக்கொண்டு, இட்லி சாப்பிட்டு, எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிப் போனார். வாசல்வரை போய்த் திரும்பி அவளை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் ஏதோ ஒன்று சரியாக இல்லை என்று தபீதாளுக்குப் பட்டது. விசாரணைக் கவலையில் அதை அப்படியே விட்டுவிட்டாள்.

இரும்புலியூரிலிருந்து லாரிப் புழுதியோடு நடந்து கிழக்குத் தாம்பரம் வந்து பஸ் பிடித்து, ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கி உள்ளே நடந்தாள். ஏரிப் பக்கம் போன வருஷம்வரை நெல் விளைந்த இடத்தில் இப்போது வரிசையாக மனைக்கல் நட்டிருந்தார்கள். பாதிக் கல்லில் ஊர்ப் பெரிய நிலக்காரர் ஏகநாதனின் பெயர்தான். பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டகைக்கு இடம் கொடுத்ததும் அவர்தான். மனுவில் முதல் கையெழுத்தும் அவருடையதுதான். அவருடைய இரண்டாவது மருமகள் பத்தாவது தேறிவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாள் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

சமையல்காரி கிளியம்மாள் அண்டாவில் சாம்பார் சாதத்தைக் கிளறிக்கொண்டே வாசலைப் பார்த்தபடி இருந்தாள்.

“வந்துட்டியாக்கா. நேத்து நீ ஆபீசுக்குப் போயிட்டியே, எத்தினி தட்டு எறங்கிச்சு தெரியுமா? நாப்பத்தஞ்சு. நூத்திப் பத்துப் பசங்க துன்ன எடத்துல நாப்பத்தஞ்சு. மீதிய நானு எங்க கொண்டும்போயி கொட்றது?”

“இன்னிக்காவது மத்த பிள்ளைங்க வீட்லேர்ந்து எடுத்துட்டு வந்தாங்களா?”

“எவன் வூட்ல இன்னா கீது எடுத்தாற? அந்தாளு சொன்னான்னு ஆத்தாக்காரிங்க பயந்துகினு துன்னாதடான்னு சொல்லி அனுப்பிச்சிட்டாளுங்க. பசங்க வேலியாண்ட நின்னுகினு வாசன புடிச்சிகினு கீதுங்க. வயிறு எரியுதுக்கா.”

தபீதாள் வேலிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் விசாரணைக்கு வருகிறவர்களிடம் நிதானமாகப் பேச முடியாது என்று தோன்றியது. அரிசிக் கணக்கு நோட்டையும் டாக்டரின் கடிதத்தையும் மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பதினொன்றரைக்கு ஜீப் வந்தது. இறங்கியது சாமுண்டீஸ்வரி என்ற அதிகாரி, முப்பது வயதுகூட இருக்காது, கைப்பையோடு ஒரு கனத்த ஃபைல். தலைமையாசிரியர் ராஜகோபால் ஓடிவந்து நாற்காலி போட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் தினமும் மையத்துச் சாப்பாட்டை ஒரு கிண்ணத்தில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், மனு போன நாளிலிருந்து வயிறு சரியில்லை என்று சொல்லி வீட்டிலிருந்து தயிர்சாதம் கொண்டுவருகிறார். ஏகநாதன் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார், பின்னாலேயே நான்கைந்து தாய்மார்கள்.

அதிகாரி டாக்டரின் கடிதத்தை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தார். காசம் இல்லை என்று தெளிவாக எழுதியிருப்பதாகவும் நரம்புக் கோளாறு என்று இருப்பதாகவும் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். ஏகநாதன் சிரித்தார். பட்டணத்தில் காகிதம் வாங்குவது பெரிய காரியமா என்றார். நாங்கள் கண்ணால் பார்க்கிறோம், அந்த அம்மாவுக்குச் சோறு ருசி பார்க்கும்போது வேர்த்துக் கொட்டுகிறது, உடம்பில் நோய் இல்லாதவளுக்கு ஏன் வேர்க்கிறது என்று கேட்டார்.

“சாப்பிட்டுக் காட்டட்டுமா மேடம்?” என்றாள் தபீதாள்.

அண்டாவிலிருந்து ஒரு கரண்டிச் சாதத்தைத் தட்டில் வாங்கிக்கொண்டு, கொட்டகைக்கு வெளியே, எல்லாரும் பார்க்கும் வெயிலில் வந்து நின்றாள். புளி தூக்கலாக இருந்தது. இரண்டாவது வாய் உள்ளே போனபோதே காதுக்குக் கீழே சூடு ஏறியது. எறும்பு ஊர்வதுபோல முதல் துளி இறங்கியது. பிறகு அடுத்தடுத்து. கன்னம் நனைந்து, தாடையோரமாக ஓடி, தழும்பைத் தாண்டிக் கழுத்துக்குள் போயிற்று.

இடது கையால் முந்தானையை எடுத்துத் துடைத்துவிட உடம்பு பறந்தது. ஒரு வருஷத்துப் பழக்கம் அது. அவள் கையைக் கீழேயே வைத்துக்கொண்டாள்.

“துடைச்சுக்கோங்களேன்” என்றார் அதிகாரி மெதுவாக.

“வேணாம் மேடம். எங்கேயிருந்து வருதுன்னு நல்லாப் பாருங்க. இந்தப் பக்கம் பாருங்க, நெத்தியைத் தொட்டுப் பாருங்க. டி.பி. வேர்வைன்னா உடம்பு பூராதானே வேர்க்கணும். ராத்திரியில வேர்க்கணும். இது சாப்பிட்டா மட்டும் வரும், இந்த ஒரு உள்ளங்கை அகலத்துல மட்டும் வரும். இப்போ தட்டைக் கீழ வெச்சுடறேன். எவ்வளவு நேரத்துல நிக்குதுன்னு கடிகாரத்தைப் பாருங்க.”

சாமுண்டீஸ்வரி ஒரு கணம் தயங்கினார். பிறகு எழுந்து வந்து புறங்கையால் தபீதாளின் நெற்றியைத் தொட்டார், வலது கன்னத்தைத் தொட்டார். காய்ந்திருந்தது. ஆறு நிமிஷத்தில் இடது கன்னமும் காய்ந்துவிட்டது.

“எங்க வூட்டுக்காரருக்குங்கூட மொளகா கடிச்சா மண்ட பூரா வேர்த்துக் கொட்டுது” என்றாள் வந்திருந்த தாய்மார்களில் ஒருத்தி. இன்னொருத்தி சிரித்தாள். ராஜகோபால் தொண்டையைச் செருமிக்கொண்டு, மையம் ஏழு வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் நடக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். அந்த நிமிஷத்தில் தபீதாள் தான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தாள்.

ஏகநாதன் அசையவில்லை. ஃபைலில் கடைசித் தாளைப் பார்க்கும்படி அதிகாரியிடம் சொன்னார். ஊர்க்காரன் பொய் சொல்லுவான், சொந்த வீட்டு மனுஷன் பொய் சொல்லுவானா என்றார்.

சாமுண்டீஸ்வரி தாளைப் படித்தார். படித்துவிட்டு உடனே நிமிரவில்லை. பிறகு அதை மேசைமேல் தபீதாள் பக்கம் திருப்பி வைத்தார்.

கோடு போட்ட தாள். மூப்பரின் குண்டுக் கையெழுத்து. மேற்படி தபீதாள் என் தம்பியின் மனைவி, அவருக்குக் கழுத்தில் அறுவை நடந்தது உண்மை, அது முதல் அவருக்கு வியாதி இருப்பதாகக் கருதி வீட்டில் தனித் தட்டும் தனி டம்ளரும் வைத்திருக்கிறோம், பிள்ளைகளின் நலன் கருதி இதை எழுதுகிறேன். கீழே வேதசிரோமணி. அதற்கும் கீழே, சாட்சி என்று எழுதி, த. யேசுதாசன்.

காலையில் வாசலில் திரும்பிப் பார்த்த பார்வை இப்போது புரிந்தது. மருந்து போட்டுக்கொள், மறைத்துவிடு, மனு பொய்யென்று ஆகிவிடும் என்று கெஞ்சியதும் புரிந்தது. விசாரணை முதல் கட்டத்திலேயே முடிந்துவிட்டால் கடைசித் தாளை யாரும் புரட்டமாட்டார்கள் என்று மனிதர் கணக்குப் போட்டிருக்கிறார்.

உட்காரக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“இது உண்மைதானாம்மா? தனித் தட்டு?”

“உண்மைதான் மேடம். தட்டு தனிதான், டம்ளர் தனிதான்.” தாளை அதிகாரி பக்கமே திருப்பி வைத்தாள். “ஆனா ஒண்ணு எழுதாம விட்டிருக்காங்க, அதையும் சேர்த்து எழுதிக்கோங்க. இதுல கையெழுத்துப் போட்ட ரெண்டு பேருக்கும் மூணு வேளையும் சமைச்சுப் போடுறது நான்தான். சோறு வடிக்கிறது நான். குழம்புல உப்பு பாக்கிறது நான். நேத்து ராத்திரி ரெண்டு பேரும் இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. என் கையால சாப்பிட்டா ஒட்டாத வியாதி, நான் சாப்பிட்ட தட்டுலேர்ந்து ஒட்டுமா?”

கிளியம்மாள் கொட்டகை வாசலில் நின்று, நல்லா கேளுக்கா என்றாள். ஏகநாதன்கூட முதல் தடவையாகக் கண்ணைத் தாழ்த்தினார்.

சாமுண்டீஸ்வரி நேர்மையான பெண்தான். தான் கண்ணால் கண்டதை அப்படியே எழுதிக்கொண்டார், வியர்வை நின்ற நேரம் உட்பட. ஆனால் குடும்பத்தார் கைப்பட எழுதிய கடிதம் ஃபைலில் இருக்கும்வரை தன்னால் மனுவைத் தள்ளுபடி செய்ய முடியாது, மேலே இருப்பவர்கள் கேட்பார்கள் என்றார். எழுதியவர்களே வாபஸ் வாங்கி எழுதிக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை மாலைக்குள் வந்தால் முடித்துவிடலாம். வராவிட்டால் வேலைக்கு வேறு ஆள் போட வேண்டியிருக்கும். அதுவரைக்கும் சாவியைத் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டு, சமையல் கொட்டகைப் பக்கம் வராமல் இருக்க வேண்டும்.

தபீதாள் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். வெளியே வந்தபோதுதான் வேலியோரம் பார்த்தாள். அறுபது பிள்ளைகள் இருக்கும். கிளியம்மாள் சாதத் தட்டுகளை வரிசையாக வைத்துவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வேர்வைக் கதை சொன்ன அந்தத் தாய் மட்டும் தன் பெண்ணின் முதுகைப் பிடித்து உள்ளே தள்ளினாள். மற்றவர்கள் ஏகநாதனின் முகத்தைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து மதியம் முழுக்க அவள் அழுதாள். நாலு மணிக்கு முகம் கழுவிக்கொண்டு, துவைத்த துணிகளை மடித்து வைத்து, வாசல் கூட்டினாள். அடுப்பை மட்டும் பற்றவைக்கவில்லை.

ஆறரை மணிக்கு யேசுதாசன் வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றார்.

“படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டீங்களா?”

“படிச்சேன்.”

பொய் சொல்லுவார் என்று எதிர்பார்த்திருந்தாள். சொல்லாதது ஒரு விதத்தில் நல்லது, இன்னொரு விதத்தில் அதுதான் தாங்கவில்லை. ஆபரேஷனுக்கு உன்னை உள்ளே கொண்டுபோன அன்றைக்கே நீ திரும்ப வரமாட்டாய் என்று நினைத்துவிட்டேன், அந்தப் பயம் இன்னும் போகவில்லை என்று யேசுதாசன் சொன்னார். வேர்க்க ஆரம்பித்ததும் மறுபடி அதுதான் வந்துவிட்டது என்று நினைத்ததாகவும், வேலை போனால் வீட்டில் ஓய்வாக இருப்பாள் என்று அண்ணன் சொன்னதை நம்பியதாகவும் சொன்னார். டாக்டர் கடிதம் வந்த பிறகு, எழுதிக் கொடுத்த தாளைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று அண்ணனிடம் கேட்டாராம். அண்ணன் முடியாது என்றாராம்.

“செத்துப் போயிடுவேன்னு பயந்தவர் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உங்களுக்கு அண்ணன்கிட்ட பேச வாய் இருந்துச்சு, எனக்கு எதிரா எழுதக் கை இருந்துச்சு.”

யேசுதாசன் தலையைக் குனிந்துகொண்டார். ஏன் முடியாது என்று சொன்னார் உங்கள் அண்ணன் என்று அவள் கேட்டாள். அவர் கழற்றிய செருப்பைச் சுவரோரம் தள்ளி வைத்தார். மறுபடி கேட்டாள். அதற்குள் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் வேதசிரோமணியே உள்ளே வந்தார்.

அவர் பார்த்தது அணைந்த அடுப்பைத்தான்.

“இன்னிக்குச் சமையல் இல்லை மாமா. வியாதிக்காரி கையால உங்களுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க.”

மூப்பர் உட்கார்ந்தார். அறுபது வயதில் அவருடைய முதுகு இன்னும் நேராகத்தான் இருந்தது. கோபப்படுவார் என்று தம்பி பயந்துகொண்டு நின்றார். அவர் கோபப்படவில்லை. சபைக்குச் சொந்தமாகக் கல்லறை இல்லை என்பது உனக்குத் தெரியும் என்று ஆரம்பித்தார். முப்பத்தேழு குடும்பம். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி செத்தபோது, அடைமழையில் லாரியில் ஏற்றி, எங்கேயோ இருக்கிற இன்னொரு சபைக் கல்லறை வாசலில் அனுமதிக்காக மூன்று மணி நேரம் காத்துக் கிடந்தார்கள். பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியது. அன்றைக்கு அவர் ஆண்டவரிடம் ஒரு பொருத்தனை செய்தார், தான் கண்மூடுவதற்குள் சபைக்கு ஒரு துண்டு நிலம் வாங்கித் தருவதாக.

தபீதாளுக்கு அந்த மழை நாள் ஞாபகம் இருந்தது. பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவளும் நனைந்தவள்தான். அதனால் அவர் சொல்லச் சொல்ல மனம் இளகத்தான் செய்தது. ஆனால் பேச்சு எங்கே போகிறது என்று புரிய ஆரம்பித்ததும் இளகிய இடமெல்லாம் இறுகிவிட்டது.

“யார் நிலம் மாமா?”

“ஏரிக்கரை ஓரமா. ரெண்டு கிரவுண்டு. இனாமா எழுதித் தரேன்னார்.”

“ஏகநாதனா?”

மூப்பர் தலையசைத்தார். அடுத்த வாரம் பத்திரப் பதிவு. ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து முடிந்ததும் சபை மக்களுக்கு அறிவிக்கப் போகிறார். அந்த ஆள் கேட்டது ஒரே ஒரு காகிதம்தான். நான் பொய் எழுதவில்லை, தட்டு வைத்ததைத்தானே எழுதினேன் என்றார்.

தபீதாள் யேசுதாசனைப் பார்த்தாள். அவருக்கும் இது முன்பே தெரியும் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

“செத்தவங்களுக்கு இடம் வேணும்னு, உயிரோட இருக்கிறவளை விலை பேசிட்டீங்க” என்றாள். சத்தம் போடவில்லை. “அதுவும் என்னை மட்டும் பேசலை. அங்கே வேலியோரம் அறுபது பிள்ளைங்க பசியோட நிக்குதுங்க மாமா. இந்த வாரம் பூரா நிக்குதுங்க. அதையும் சேர்த்துத்தான் பத்திரம் எழுதப் போறீங்களா?”

பிள்ளைகள் விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அது முகத்தில் தெரிந்தது. ஒரு நிமிஷம் அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது எழுந்துபோய்ப் பேனா எடுத்துவிடுவார் என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

எழுந்தார். ஆனால் பேனா எடுக்கவில்லை. வாபஸ் வாங்கினால் நிலம் போய்விடும், இனி ஒரு நிலம் அந்தச் சபைக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்காது என்றார். இன்றைக்கு அந்தப் பக்கம் மனை விற்கிற விலையில் முப்பத்தேழு குடும்பமும் சேர்ந்து பட்டினி கிடந்தாலும் ஒரு கிரவுண்டு வாங்க முடியாது. உனக்கு வேறு வேலை கிடைக்கும். அவர்களுக்கு வேறு இடம் கிடைக்காது.

“அப்போ ஞாயித்துக்கிழமை நிலத்தைப் பத்திச் சொல்லும்போது, அது எதுக்குப் பதிலா வருதுன்னும் சேர்த்துச் சொல்லிடுங்க. நான் முதல் வரிசையில இருப்பேன். நீங்க சொல்லலைன்னா எழுந்து நின்னு நான் சொல்றேன்.”

“புரியாமப் பேசாதே, தபீதா. நீ வாயைத் திறந்தா நிலம் போகும். முப்பத்தேழு வீடும் உன்னைத்தான் திட்டும். அப்புறம் இந்தச் சபையில உனக்கு ஒரு மனுஷர் இருக்கமாட்டாங்க.”

அது வெறும் மிரட்டல் இல்லை, அப்படியே நடக்கக்கூடியது என்று அவளுக்குத் தெரியும். அந்த முப்பத்தேழு வீட்டிலும் அவளுக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள். அவளுடைய அப்பாவும் அம்மாவும்கூட யாருடைய மண்ணிலோதான் கிடக்கிறார்கள்.

“திட்டட்டும் மாமா” என்றாள். “என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டுத் திட்டட்டும்.”

வேதசிரோமணி தம்பியைப் பார்த்தார். வா, வெளியே போய் ஏதாவது சாப்பிட்டு வரலாம் என்றார். யேசுதாசன் செருப்புக் கிடந்த இடம்வரை போனார். ஒரு காலை நுழைத்தார். பிறகு காலை வெளியே இழுத்துக்கொண்டு, நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள் அண்ணா, எனக்குப் பசியில்லை என்றார்.